ஒட்டுண்ணிக் களையை எதிர்க்கும் பயறு: விதை எங்கே இருக்கிறது?

கோரை, அருகு, சாரணை எல்லாம் நமக்குப் பழகிய களைகள். பயிரோடு நின்று தண்ணீரிலும் எருவிலும் வெயிலிலும் பங்கு கேட்கும். கொத்திவிட்டால், மூடாக்குப் போட்டால், இடைவெளி விடாமல் பயிரை நெருக்கி வைத்தால் அடங்கிவிடும். களையை எதிரியாகப் பார்க்காதீர்கள், அது மண்ணின் நிலையைச் சொல்லும் தூதுவன் என்று நம் கூட்டங்களில் பேசுகிறோமே, அது இந்த வகைக் களைகளுக்கு முழுக்கப் பொருந்தும்.

ஒட்டுண்ணிக் களையின் கதை வேறு. அது பங்கு கேட்பதில்லை. பயிரின் உடம்புக்குள்ளேயே குழாய் இறக்கி, பயிர் சமைத்து வைத்ததை உறிஞ்சுகிறது. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கடன் கணக்குப் பார்த்தவன் என்பதால் எனக்கு இப்படித்தான் சொல்லத் தோன்றுகிறது: சாதாரணக் களை பங்காளி, ஒட்டுண்ணிக் களை கந்துவட்டிக்காரன். பங்காளியோடு ஒரு மாதிரி ஒத்துப்போகலாம். கந்துவட்டி நுழைந்த வீடு என்ன ஆகும் என்று நம் மாவட்டத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு ரசாயனக்காரர்களிடமும் நல்ல பதில் இல்லை. பயிரையும் களையையும் ஒரே குழாய் இணைத்திருக்கும்போது ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றதையும் பதம் பார்க்கும். அதனால்தான் உலகம் முழுவதும் விஞ்ஞானிகள் விதையின் பக்கம் திரும்பினார்கள். ஒட்டுண்ணியை உள்ளே விடாத பயிரைத் தேடினார்கள். பயறு வகைகளில் அந்தத் தேடல் சில இடங்களில் வென்றிருக்கிறது. நம் உளுந்துக்கும் சிறுபயறுக்கும் அந்த வேலை இன்னும் நடக்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

நம் ஊர் ஒட்டுண்ணிகள்

உடன்குடிப் பக்கம் தேரி ஓரத்து வேலிகளில் பச்சையும் மஞ்சளுமாக நூல்கட்டு போலப் படர்ந்து கிடப்பது கொத்தான். புதரிலும் வேலி மரத்திலும் ஏறும், பல வருஷம் வாழும். அதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று அம்மையார் கூந்தல். வேளாண் துறையினர் கஸ்குட்டா என்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்று போல இருந்தாலும் குடும்பமே வேறு. கொத்தான் லாரல் குடும்பம், அம்மையார் கூந்தல் நம் சர்க்கரைவள்ளியின் குடும்பம். கொத்தான் சற்றே முரடு, பச்சை கலந்தது. அம்மையார் கூந்தல் வெளிர் மஞ்சளாக, சேமியா வேகவைத்தது போல மெத்தென்று இருக்கும். பயறு வயலுக்கு எமன் இதுதான்.

வேரில் ஒட்டுபவை இரண்டு. சோளத்திலும் கரும்பிலும் வருவது சுடுமல்லி. புகையிலையில் வருவது புகையிலைக் காளான். பேர்தான் காளான், உண்மையில் பூக்கும் செடி. ராஜஸ்தான், ஹரியானா பக்கம் கடுகு வயல்களை வாட்டுவதும் அந்த இனம்தான். மாமரத்தில் ஏறும் புல்லுருவியைச் சேர்த்தால் நம் பட்டியல் ஏறக்குறைய முடிந்தது.

இவற்றில் பயறு விவசாயி தூக்கத்தைத் தொலைப்பது அம்மையார் கூந்தலால். ஆந்திராவின் கிருஷ்ணா, கோதாவரிப் படுகைகளில் நெல் அறுப்புக்கு முன் ஈரத்தில் உளுந்தைத் தெளித்து விடுவார்கள், நம் தஞ்சைப் பகுதியில் செய்வது போல. உழவு கிடையாது, இடையில் கொத்த வழியில்லை. களைக்கு அதைவிட வசதி வேண்டுமா? நெல் தரிசு உளுந்தில் இந்தக் களை அங்கே பெரும் தொல்லையாக நிலைத்துவிட்டது. உளுந்து, பாசிப்பயறில் 31 முதல் 34 சதவீதம், கொண்டைக்கடலையில் 86 சதவீதம் வரை விளைச்சல் இழப்பு என்று நம் நாட்டுக் களை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு உளுந்து வயலில் பார்த்தது

சடையநேரிக் கால்வாயில் தண்ணீர் வந்த ஒரு வருஷம், பக்கத்துத் தோட்டத்தில் குத்தகைக்கு விவசாயம் செய்கிறவர் உளுந்து போட்டிருந்தார். வயதில் என்னைவிடச் சின்னவர். ஒரு நாள் காலையில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, உளுந்துல மஞ்ச நூல் மாதிரி விழுந்து கெடக்கு. மருந்துக் கடையில கேட்டேன், அடிச்சா உளுந்தும் போயிரும்ங்கான். நீங்க ஒரு எட்டு வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். வயலின் நடுவில் ஒரு கட்டில் அளவு இடம் மஞ்சள் வலை போட்டது போல இருந்தது. ஒரு கொடியை மெதுவாகப் பிரித்துப் பார்த்தால், உளுந்துத் தண்டைச் சுற்றிய இடத்திலெல்லாம் வரிசையாகச் சின்னச் சின்னப் புடைப்பு. அவைதான் உறிஞ்சு வேர்கள். கொடியின் அடியைத் தேடினால் மண்ணில் வேரே இல்லை. முளைத்துப் பயிரைப் பிடித்த சில நாளிலேயே அது மண்ணோடு உள்ள தொடர்பை அறுத்துக்கொள்கிறது. அதற்கு நம் நிலம் வேண்டாம், பயிர் மட்டும் போதும்.

உளுந்து அப்போது பிஞ்சு பிடித்திருந்தது. பிடுங்கி எரிக்கச் சொன்னேன், சுற்றி ஒரு முழம் நல்ல செடியையும் சேர்த்து.

"காய் வச்ச செடியைப் பிடுங்கச் சொல்லுதீகளே அண்ணாச்சி? குத்தகை நெல்லா கேட்பாரு, இல்ல இந்தச் சாம்பலையா கேட்பாரு?"

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனால் கொடியில் கொத்துக் கொத்தாக வெள்ளை மொட்டு வந்துகொண்டிருந்தது. ஒரு கொடி ஆயிரக்கணக்கில் விதை போடும். விதையின் தோல் கல் போல. மண்ணில் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும், ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக முளைக்கும். இந்த வருஷக் காயைக் காப்பாற்றினால் பத்து வருஷப் பயறு போய்விடும் என்பதுதான் கணக்கு. அவர் கொஞ்ச நேரம் வரப்பில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரும் அவர் வீட்டம்மாவுமாகப் பிடுங்கினார்கள். அங்கேயே காய்ந்த பனையோலை போட்டு எரித்தோம். வயலுக்கு வெளியே இழுத்துக்கொண்டு போகவில்லை. வழியில் விழும் ஒரு துண்டுக் கொடி இன்னொரு செடியைப் பிடித்தால் மறுபடி படரும்.

அன்று அவர் கேட்ட இன்னொரு கேள்விதான் என்னைப் படிக்க வைத்தது. "மஞ்சத் தேமலுக்குத் தாங்குற உளுந்துன்னு விதை தாராங்கல்லா, இதுக்குத் தாங்குற உளுந்து கிடையாதா?"

பயிர் எப்படி எதிர்க்கிறது?

எதிர்ப்பு என்றால் என்ன என்று முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

வேரில் ஒட்டும் களைகளின் விதை தூசு மாதிரி இருக்கும். அதில் சேமிப்பு கிடையாது. முளைத்த சில நாளில் ஒரு வேரைத் தொட்டாக வேண்டும், இல்லையென்றால் சாவு. அதனால் சும்மா முளைக்காது. பக்கத்தில் உயிருள்ள வேர் இருக்கிறது என்று தகவல் வந்த பிறகுதான் முளைக்கும். அந்தத் தகவல், வேர் கசியவிடும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருள். இதில் முதலாவதை 1966ல் பருத்தி வேர்க் கசிவிலிருந்து பிரித்தெடுத்தார்கள்.

பயிர் ஏன் தன் எதிரியை இப்படி வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது? 2005ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் விடை சொன்னார்கள். அந்த அழைப்பு களைக்கு விடுத்தது அல்ல. வேரோடு கூட்டு வாழும் வேம் பூஞ்சைக்கு விடுத்தது. மணிச்சத்துக் குறைந்த மண்ணில் பயிர் இன்னும் சத்தமாக அழைக்கும், பூஞ்சை வந்து மணிச்சத்து எடுத்துக் கொடுக்கும் என்று. நண்பனுக்குப் போட்ட கடிதத்தை நடுவில் திருடன் படித்துவிடுகிறான். வறண்டு, சத்து இழந்த மண்ணில் சுடுமல்லி பெருகுவதற்கு இது ஒரு காரணம். மண்ணை வளப்படுத்துங்கள் என்று நாம் சொல்வதற்கு இப்படி ஒரு பொருளும் உண்டு.

ஆக, பயிர் மூன்று விதமாக எதிர்க்கலாம். ஒன்று, அழைப்பைக் குறைப்பது அல்லது குரலை மாற்றுவது. இரண்டு, கதவை அடைப்பது: ஒட்டுண்ணி தொட்ட இடத்தில் பயிர் தன் திசுவைக் கடினமாக்கிவிடும், அல்லது அந்த இடத்துச் செல்களைத் தானே சாகவிட்டு உறிஞ்சு வேரைப் பட்டினி போடும். மூன்று, வந்தாலும் தாங்கிக்கொண்டு ஓரளவு விளைவது. மூன்றாவதை நான் நம்ப மாட்டேன். பயிர் தாங்கும், ஆனால் களை விதை போட்டுக்கொண்டே இருக்கும்.

அம்மையார் கூந்தலுக்கு முதல் வழி பலிக்காது. அதன் விதை யார் அழைப்புக்கும் காத்திருப்பதில்லை, தானாக முளைத்து, நுனியைச் சுழற்றிச் சுழற்றித் தேடும். 2006ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், அது தக்காளியின் வாசனையைப் பிடித்து அந்தப் பக்கமாக வளர்வதைக் காட்டினார்கள். எனவே அதற்கு எதிராக நமக்குத் தேவை கதவை அடைக்கும் பயிர்.

போட்ஸ்வானாவின் ஒரு பிடி தட்டாம்பயறு

பயறு வகையில் பெரிய வெற்றி தட்டாம்பயறில்தான் கிடைத்தது, மேற்கு ஆப்பிரிக்காவில். நம் சுடுமல்லியின் சகோதரி ஒன்று அங்கே தட்டாம்பயறு வேரில் ஒட்டுகிறது. நைஜீரியா, நைஜர், பர்கினா பாசோ, மாலி போன்ற நாடுகளில் ஏழை வீட்டின் புரதம் தட்டாம்பயறுதான். இலையைச் சமைப்பார்கள், கொடி மாட்டுக்கு. களை முற்றிய வயலில் ஒன்றுமே மிஞ்சாது.

1980களில் அங்கே ரகங்களைச் சலித்துத் தேடினார்கள். சில உள்ளூர் ரகங்கள் ஓரிடத்தில் தாங்கின, இன்னோரிடத்தில் படுத்துவிட்டன. கடைசியில் கைகொடுத்தது தெற்கே போட்ஸ்வானாவிலிருந்து சேகரித்த ஒரு நாட்டு ரகம். அதற்குச் சேகரிப்பு எண் மட்டும்தான் பேர்: பி 301. காய் சிறிது, விதை சிறிது, சந்தையில் யாரும் வாங்க மாட்டார்கள். ஆனால் சுடுமல்லியின் சகோதரியையும், அலெக்ட்ரா என்ற இன்னொரு வேர் ஒட்டுண்ணியையும் சேர்த்தே தடுத்தது.

நைஜீரியாவின் இபாடானைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் இந்த வேலையை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் நம் நாட்டைச் சேர்ந்த பி.பி. சிங். பி 301ஐ நல்ல விளைச்சல் ரகங்களோடு ஒட்டி, களை மண்டிய வயலிலேயே நட்டுப் பிழைத்ததைப் பொறுக்கி, மறுபடி நட்டு, பல தலைமுறை தாண்டி விவசாயிக்குக் கொடுக்கும் ரகங்களைக் கொண்டுவந்தார்கள். மரபணு மாற்றம் எதுவும் இல்லை. மகரந்தம், பொறுமை, பொறுக்கும் கண், அவ்வளவுதான்.

2009ல் அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் டிம்கோவும் உடன் ஆய்வாளரும் பி 301ல் காவல் நிற்கும் மரபணுவில் ஒன்றைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். ஒட்டுண்ணி தொட்டதை உணர்ந்து, தொட்ட இடத்துச் செல்களைச் சாகவிடும் காவலாளி அது. நோய்க்கிருமியை எதிர்க்கப் பயிர் வைத்திருக்கும் அதே வகைக் காவல், இன்னொரு செடிக்கு எதிராகவும் வேலை செய்கிறது.

இதில் இரண்டு பாடம் உண்டு. முதலாவது, அத்தனை நாடுகளின் பயறைக் காப்பாற்றிய குணம் ஏதோ ஒரு போட்ஸ்வானா விவசாயி, பெரும்பாலும் ஒரு பெண், குடுவையில் எடுத்து வைத்த விதையில் இருந்தது. சிறுவிதை, சந்தைக்கு ஆகாது என்று அந்த வீட்டில் அதைக் கைவிட்டிருந்தால் அதோடு அந்தக் குணமும் போயிருக்கும்.

இரண்டாவது, ஒரே காவலாளியை நம்பி ஊரைவிட முடியாது. பெனின் நாட்டில் ஒரு பகுதியில் உள்ள களை இனம் பி 301ஐயும் உடைத்துவிட்டது. ஊருக்கு ஊர் ஒட்டுண்ணியின் இனம் வேறு; ஆய்வாளர்கள் குறைந்தது ஏழு இனம் பிரித்திருக்கிறார்கள். அங்கே ஜெயித்த விதையை இங்கே கொண்டுவந்து கொட்டுவது தீர்வு ஆகாது. அந்தந்த மண்ணில், அந்தந்தக் களையோடு மோதவிட்டுத்தான் பொறுக்க வேண்டும்.

எகிப்தும் ஸ்பெயினும்

மத்தியதரைக் கடல் நாடுகளில் பாகலா அவரை என்று ஒன்று உண்டு. எகிப்தியர் காலை உணவே அதுதான். அதன் வேரில் புகையிலைக் காளானின் இனம் ஒன்று ஏறி, சில வயல்களை அப்படியே கைவிடச் செய்தது. எகிப்தின் வேளாண் ஆராய்ச்சியாளர்கள் 1970களில் தொடங்கிய தேர்வில் கீசா 402 என்ற ரகம் வந்தது. பின்னால் அந்த வட்டாரத்தில் வந்த எதிர்ப்பு ரகங்கள் பலவற்றுக்கு அதுதான் பாட்டி.

அங்கே வேலை தட்டாம்பயறு போல எளிதாக இல்லை. ஒரு மரபணுவில் எதிர்ப்பு இல்லை, சின்னச் சின்னதாகப் பலவற்றில் சிதறிக் கிடந்தது. அதோடு அந்த அவரையில் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும், பொறுக்கியது அடுத்த தலைமுறையில் மாறும். ஸ்பெயினின் கோர்டோபாவில் தியேகோ ரூபியாலெஸ் குழு பல வருஷம் உழைத்துக் கொண்டுவந்த ரகங்களில் எதிர்ப்பின் அடிப்படை, வேர் அழைப்பு மிகக் குறைவு என்பது. களை விதை பக்கத்திலேயே கிடந்தாலும் முளைக்காது.

இங்கே ஒரு சந்தேகம் வர வேண்டும், நமக்குக் கட்டாயம் வர வேண்டும்: அழைப்பைக் குறைத்தால் வேம் பூஞ்சைக்கும் கேட்காமல் போகாதா? சோளத்தில் இதற்கு அழகான விடை கிடைத்திருக்கிறது. சுடுமல்லியை எதிர்க்கும் சோள ரகங்கள் சிலவற்றில் வேர் ஊமையாகவில்லை. ஒரு வகை ஸ்ட்ரைகோலாக்டோனுக்குப் பதில் வேறு வகையைக் கசியவிடுகிறது. சோளத்தில் சுடுமல்லி எதிர்ப்பைக் கொண்டுவந்ததற்காக எத்தியோப்பியாவில் பிறந்த கெபிசா எஜெட்டாவுக்கு 2009ல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள்.

பயறுக்கும் சுடுமல்லிக்கும் இன்னொரு உறவும் உண்டு. தட்டாம்பயறும் நிலக்கடலையும் வேர்க்கசிவால் சோளச் சுடுமல்லியின் விதையை முளைக்க வைக்கும், ஆனால் ஒட்ட இடம் தராது. முளைத்தது பட்டினியில் சாகும். கோவில்பட்டிக் கரிசலில் சோளத்தோடு பயறு வகைகளை ஊடு போட்ட நம் பெரியவர்கள் ஸ்ட்ரைகோலாக்டோன் படித்தவர்கள் அல்ல; ஆனால் சோளம் தனியாக நின்றால் சுடும் என்று தெரிந்தவர்கள். கென்யாவில் சியாவுர் கான் என்ற இந்தியர் மக்காச்சோளத்துக்கு இடையில் டெஸ்மோடியம் என்ற பயறு இனத் தீவனத்தை நட்டுச் சுடுமல்லியை அடக்கியதும் இந்த உறவை வைத்துத்தான்.

அம்மையார் கூந்தலுக்கு?

எதிர்ப்பு சாத்தியமா என்றால், சாத்தியம். இஸ்ரேலில் கொண்டைக்கடலை வரிசைகளைச் சோதித்து, அம்மையார் கூந்தல் சுற்றினாலும் பிடிக்க முடியாதவை உண்டு என்று 2012ல் வெளியிட்டார்கள். நம் தக்காளி, இந்தக் களையின் ஒரு பெரிய இனத்தைத் தானாகவே தடுக்கிறது. அது எப்படி ஒட்டுண்ணியை அடையாளம் காண்கிறது என்பதை 2016ல் ஜெர்மனியின் டியூபிங்கன் பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்தது. கதவை அடைக்கும் குணம் செடி உலகத்தில் இருக்கிறது, பயறு வகையிலும் இருக்கிறது. உளுந்திலும் சிறுபயறிலும் விவசாயி கைக்கு வரும் அளவுக்கு யாரும் தேடித் தரவில்லை.

நம்மால் முடியாத வேலை அல்ல. வம்பன் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் மஞ்சள் தேமலுக்குத் தாங்கும் உளுந்து ரகங்களை வரிசையாகக் கொடுத்திருக்கிறது. அதே கண், அதே கை இதற்கும் போதும். வேண்டியது களை மண்டிய ஒரு சோதனை வயலும், அதில் நட ஆயிரம் நாட்டு ரகமும்.

இரண்டு எதிர்ப்பு, ஒரே சொல்

இங்கே ஒரு எச்சரிக்கை. "எதிர்ப்பு ரகம்" என்ற ஒரே பேரில் இரண்டு சரக்கு வருகிறது. ஒன்று களையை எதிர்க்கும் பயிர். மற்றது களைக்கொல்லியை எதிர்க்கும் பயிர். கென்யாவில் 2005ல் சுடுமல்லிக்காக ஒரு மக்காச்சோளம் வந்தது. அது சுடுமல்லியை எதிர்க்கவில்லை. விதை மேல் பூசிய களைக்கொல்லியைத் தாங்கியது. 2021ல் நம் நாட்டில் வெளியிட்ட களைக்கொல்லி தாங்கும் பாசுமதி ரகங்களும் இந்த இரண்டாவது வகைதான்.

முதல் வகை விதையை வாங்கினால் விதையோடு வியாபாரம் முடிந்தது. அடுத்த வருஷம் நம் வீட்டு விதை. இரண்டாவது வகையில் விதை வெறும் முன்பணம், மருந்துக்குத் தவணை கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கியவன் சொல்கிறேன், சின்ன எழுத்தைப் படித்துவிட்டு விதையை வாங்குங்கள். "எதை எதிர்க்கிறது? களையையா, மருந்தையா?" இந்த ஒரு கேள்வி போதும்.

நாம் இன்று செய்யக்கூடியது

எதிர்ப்பு விதை வரும்வரை வயலைக் காப்பது நம் கையில்.

விதையைச் சலியுங்கள். அம்மையார் கூந்தல் விதை ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். உளுந்து, பயறு எல்லாம் அதைவிடப் பல மடங்கு பெரிது. காய்ந்த காய்க்கூடு ஒட்டியிருந்தால் கசக்கிப் புடைத்து, இரண்டு மில்லிமீட்டர் சல்லடையில் சலித்தால் விழுந்துவிடும். விழுந்ததைக் குப்பையில் போடாமல் அடுப்பில் போடுங்கள்.

எருவைக் கவனியுங்கள். இந்த விதை ஆடு மாட்டின் வயிற்றைத் தாண்டி உயிரோடு வரும். களை விழுந்த பயறுக் கொடியைத் தின்ற ஆட்டைக் கிடை போட்டால் களையையும் சேர்த்து வாங்குகிறோம். அந்த எருவைப் புரட்டிப் புரட்டிச் சூடேற்றி மக்கவைத்த பிறகுதான் வயலுக்குக் கொண்டுபோக வேண்டும்.

விதைப்புக்கு முன் ஒரு தண்ணீர் விட்டு முளைக்க வையுங்கள். பிடிக்கச் செடி இல்லாவிட்டால் முளை ஒரு வாரம் பத்து நாளில் சாகும். மேலாக ஒரு உழவு போட்டுவிட்டு விதைக்கலாம். வரப்பில் நிற்கும் அகன்ற இலைக் களைகள் அதற்குச் சத்திரம், அவற்றையும் எடுத்துவிடுங்கள்.

களை கண்ட நிலத்தில் பயறு மேல் பயறு போடாதீர்கள். கம்பு, சோளம், கேழ்வரகு போன்ற புல்லினப் பயிர்கள் இதற்குப் பொதுவாக இடம் தருவதில்லை. சில வருஷம் அவற்றை மாற்றிப் போட்டால் புதிதாக விதை விழாது.

தென்பட்ட அன்றே, பூக்கும் முன், ஒட்டிய பயிரோடு சேர்த்து எரியுங்கள். தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சாட்சி: அமெரிக்காவின் கரோலினா மாநிலங்களில் 1956ல் சுடுமல்லியைக் கண்டார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல், 25 கோடி டாலருக்கு மேல் செலவழித்துத்தான் அதைச் சுருக்க முடிந்தது. அந்தக் காசு நம்மிடம் இல்லை.

தப்பியதா, எதிர்த்ததா?

விதைத் தேர்வில் விவசாயி ஒரு வேலை செய்யலாம். ஆனால் அதில் ஒரு நுட்பம் உண்டு. களை விழுந்த வயலில் பச்சையாக நிற்கும் செடியைப் பார்த்ததும் எதிர்ப்பு ரகம் என்று கொண்டாடத் தோன்றும். அது எதிர்த்ததா, அல்லது கொடி அந்தப் பக்கம் போகாமல் தப்பியதா?

நான் சொன்ன அந்த உளுந்து வயலில் வலைக்கு நடுவே மூன்று செடி பசுமையாக நின்றன. விதையை எடுத்து, அடுத்த பருவத்தில் தொட்டியில் தனித்தனியாக முளைக்க வைத்தேன். ஒரு சாண் கொடித் துண்டைத் தண்டில் சுற்றிவிட்டேன். இரண்டு வாரத்தில் மூன்று செடியின் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டது. ஆக மூன்றும் தப்பியவை, எதிர்த்தவை அல்ல. கொடி பூக்கும் முன் தொட்டியோடு எரித்தாயிற்று.

மூன்றில் கிடைக்காதது முந்நூறில் கிடைக்கலாம். உளுந்து, சிறுபயறு, தட்டாம்பயறு மூன்றும் பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பவை. உண்மையில் எதிர்க்கும் ஒரு செடி அகப்பட்டால், அதன் பிள்ளைகள் பெரும்பாலும் அதைப் போலவே வரும். இது நமக்கு இயற்கை கொடுத்த சலுகை. ஆனால் இந்தச் சோதனையைக் களை ஏற்கனவே உள்ள ஊரில் மட்டும் செய்யுங்கள். இல்லாத ஊருக்கு ஒரு துண்டுக் கொடியையும் கொண்டுபோகாதீர்கள்.

கேட்க வேண்டியது

நம் இயக்கம் வழியாக நான் முன்வைக்கும் கோரிக்கை மூன்று. கான்பூர் இந்தியப் பயறு ஆராய்ச்சி நிறுவனமும் வம்பன் மையமும் உளுந்து, சிறுபயறு நாட்டு ரகங்களை அம்மையார் கூந்தலுக்கு எதிராகச் சோதிக்க ஒரு நிலையான வயலை ஒதுக்க வேண்டும். புதுதில்லி தேசியத் தாவர மரபு வளப் பணியகத்தின் விதை வங்கியில் உறங்கும் பயறு ரகங்களை அந்த வயலில் இறக்க வேண்டும். தேர்வின்போது களையால் அடிபட்ட விவசாயிகள் வயலில் நின்று பொறுக்க வேண்டும்.

நம் பங்குக்கு, விதைத் திருவிழாக்களில் நெல்லைப் பரப்பியது போலப் பயறையும் பரப்ப வேண்டும். பாரம்பரிய நெல்லுக்கு நூறு பேர் சொல்லும் நம்மால் நாட்டு உளுந்தில் ஐந்து பேர் சொல்ல முடிகிறதா? 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம், ரகத்தின் பேர் போட்டு வணிக முத்திரையோடு விற்காதவரை, விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் விற்கவும் நமக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த உரிமை தாளில் இருந்து பயனில்லை, பானையில் இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் பாட்டி ஒருத்தி சாம்பல் கலந்து கட்டி வைத்திருக்கும் சிறுவிதைத் தட்டாம்பயறோ கறுத்த உளுந்தோ இருந்தால், விளைச்சல் கம்மி என்று ஒதுக்காதீர்கள். ஒரு பிடி வாங்கி வந்து, ஊர்ப் பேரும் அந்தப் பாட்டியின் பேரும் எழுதி வையுங்கள், வருஷம் ஒரு முறை விதைத்து எடுங்கள். என் தோட்டத்தில் இப்போதைக்கு நாலு குடுவை இருக்கிறது. இந்த ஆடியில் தண்ணீர் இருந்தால் நாலும் மண்ணுக்குப் போகும்.